சிகாகோ தெற்குப் பகுதியின் ஃபியூனரல் ஹோம் குடும்பங்கள்: லீக், ரேய்னர், இன்னும் சிலர்

பொன்னேரி வாசகன்:

1933-ல் அமெரிக்கா பொருளாதார மந்தத்தின் அடிமட்டத்தில் கிடந்தது. ரொட்டிக்கும் சூப்புக்கும் ஜனங்கள் வரிசையில் நின்ற அந்த வருஷத்தில்தான், சிகாகோவின் தெற்குப் பகுதியில் ஏ. ஆர். லீக் என்ற கறுப்பினப் பாதிரியார் ஒரு ஃபியூனரல் ஹோம் ஆரம்பித்தார். இன்று அதன் பெயர் ‘லீக் அண்ட் சன்ஸ்’. காட்டேஜ் குரோவ் சாலையில் இருக்கிறது. மகன், பேரன் என்று அதே குடும்பம்தான் நடத்துகிறது.

அந்த நகரத்தில் இப்படிப்பட்ட குடும்பங்கள் இன்னும் சில உண்டு. ரேய்னர் குடும்பம் அவற்றில் ஒன்று. இவர்களைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு ஒரு எண்ணம் உறுதியாகிவிட்டது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தை எழுதுகிறவர்கள் சர்ச்சைப் பற்றி எழுதுகிறார்கள், பத்திரிகைகளைப் பற்றி எழுதுகிறார்கள், வக்கீல்களைப் பற்றி எழுதுகிறார்கள். பிணத்தைக் குளிப்பாட்டிப் பெட்டியில் வைத்தவர்களுக்கு இரண்டு வரி ஒதுக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். அது போதாது. அதற்காகத்தான் இந்த இழை. தெரிந்தவர்கள் சேர்த்து எழுதுங்கள்.

நம் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். அங்கே வீட்டில் யாராவது இறந்துவிட்டால் சொந்தக்காரர்கள் கூடி எல்லாவற்றையும் செய்வதில்லை. ஃபியூனரல் ஹோமுக்கு ஒரு போன் போகும். அவர்கள் வந்து உடலை எடுத்துச் செல்வார்கள். எம்பாமிங் செய்து (உடல் கெடாமல் இருக்க மருந்து ஏற்றி), உடை மாற்றி, முகத்தைச் சீராக்கி, பெட்டியில் கிடத்தி, பார்வைக்கு வைப்பார்கள். இறப்புச் சான்றிதழ், பத்திரிகை அறிவிப்பு, பாதிரியார், கார்கள், கல்லறைத் தோட்டத்தில் இடம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. அழுகிற குடும்பத்துக்கு அந்தச் சில நாட்கள் எல்லாமே அவர்கள்தான்.

நிலாமதி:

நல்ல தலைப்பு. ஆனால் ஒரு அடிப்படைக் கேள்வி. கறுப்பின மக்களுக்குத் தனியாக ஃபியூனரல் ஹோம் ஏன் தேவைப்பட்டது? சிகாகோ வடக்கில் இருக்கும் ஊர். சட்டப்படி இனப்பிரிவினை நடந்தது தெற்கு மாநிலங்களில்தானே? அப்புறம், உடலுக்கு மருந்து ஏற்றி நாள் கணக்கில் வைப்பது அமெரிக்காவில் எப்போது இத்தனை சகஜமாயிற்று?

பொன்னேரி வாசகன்:

இரண்டாவது கேள்வியிலிருந்து வருகிறேன் நிலாமதி. எம்பாமிங் பரவியது உள்நாட்டுப் போரில். 1861-லிருந்து 1865 வரை வீட்டிலிருந்து பல நூறு மைல் தள்ளிச் செத்த சிப்பாய்களின் உடலை ரயிலில் அனுப்ப வேண்டியிருந்தது. பிறகு 1865 ஏப்ரலில் லிங்கன் சுடப்பட்டார். எம்பாமிங் செய்த அவர் உடல் வாஷிங்டனிலிருந்து இல்லினாய் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டுவரை, வழியில் ஊர் ஊராக நிறுத்தி, ரயிலில் போனது. மே முதல் தேதி சிகாகோவுக்கும் வந்தது. செத்து இரண்டு வாரம் ஆன மனிதரின் முகத்தை லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். இது முடியும் என்று நாடு முழுக்கத் தெரிந்துபோயிற்று. அதுவரை பெட்டி செய்து கொடுத்தவர் ஊர்த் தச்சர், உடல் கிடந்தது வீட்டு முன் அறையில். நகரங்களில் வீடுகள் சின்னதாகச் சின்னதாக அந்த முன் அறையே ஃபியூனரல் ஹோமுக்கு இடம் மாறியது.

இனி முதல் கேள்வி. வடக்கில் சட்டப் பலகை தொங்கவில்லை, பழக்கம் இருந்தது. வெள்ளைக்கார அண்டர்டேக்கர்களில், அதாவது ஃபியூனரல் ஹோம் நடத்துகிறவர்களில், பலர் கறுப்பின உடல்களை ஏற்க மாட்டார்கள். ஏற்றாலும் மரியாதை இருக்காது. 1910-ல் சிகாகோவில் கறுப்பின மக்கள் ஏறக்குறைய 44,000 பேர். 1920-ல் 1,09,000. 1930-ல் 2,34,000. மிசிசிப்பி, ஆர்கன்சா, லூசியானா என்று பருத்திக் காடுகளை விட்டுவிட்டு இல்லினாய் சென்ட்ரல் ரயில் ஏறி வந்த ஜனம் இது. வந்த இடத்தில் தெற்குப் பகுதியின் ஒரு நீளமான பட்டைக்குள்ளேயே அவர்களை அடைத்து வைத்தார்கள். வாடகைக்கு வேறெங்கும் வீடு கிடைக்காது.

இத்தனை பேர் வாழ்ந்தால் இத்தனை பேர் சாவார்கள். அதோடு, பிறந்த ஊர் மண்ணில் புதைக்க வேண்டும் என்று பல குடும்பங்கள் உடலை மறுபடி தெற்கே ரயிலில் அனுப்பின. அதற்கு எம்பாமிங் தெரிந்த நம்பகமான ஆள் வேண்டும்.

இல்லினாய் செல்வம்:

வாசகன் அண்ணா, இன்ஷூரன்ஸ் கதையை விட்டுவிட்டீர்களே, அது இல்லாமல் இந்தத் தொழில் புரியாது. நான் சேர்க்கிறேன்.

ஏழைக்கு அப்போது பெரிய பயமே அநாதைப் பிணமாக அரசாங்கக் குழியில் போய்விடுவோமோ என்பதுதான். அதனால் வாரத்துக்குச் சில சென்ட் கட்டி அடக்கச் செலவுக்குச் சேர்த்து வைப்பார்கள். வசூல் செய்கிற ஏஜென்ட் வாரா வாரம் வீட்டுக்கே வருவார். சிகாகோவில் 1925-ல் ‘மெட்ரோபாலிட்டன் ஃபியூனரல் சிஸ்டம் அசோசியேஷன்’ என்று ஒன்று தொடங்கியது. 1927-ல் ராபர்ட் கோல் என்பவர் அதைக் கையில் எடுத்தார். அவர் ஒரு காலத்தில் புல்மன் ரயில் பெட்டிகளில் போர்ட்டராக வேலை பார்த்தவர். சில்லறை சில்லறையாகச் சேர்ந்த பணம் முழு இன்ஷூரன்ஸ் கம்பெனியாக வளர்ந்தது. 1940-ல் அதே நிறுவனம் பார்க்வே பால்ரூம் என்ற நடன மண்டபத்தைத் திறந்தது. நகரத்தின் நடுப்பகுதி ஹோட்டல்களில் கறுப்பின மக்களுக்கு மண்டபம் கிடைக்காத காலம் அது. கல்யாணம், கச்சேரி, சங்கக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அந்த இடம் பயன்பட்டது.

1983-ல் மடி வாட்டர்ஸ் இறந்தபோது இறுதி நிகழ்ச்சி நடந்ததும் மெட்ரோபாலிட்டனில்தான். மிசிசிப்பி பருத்திக் காட்டிலிருந்து வந்து சிகாகோ ப்ளூஸ் இசையின் முகமாக ஆனவர். வேறெங்கே கொண்டு போவார்கள்?

லீக் குடும்பத்தைப் பற்றிச் சொல்வதானால் சாம் குக். பாடகர் சாம் குக் 1964 டிசம்பர் 11 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் சுட்டுக் கொல்லப்பட்டார். வளர்ந்தது சிகாகோவில் என்பதால் உடலை முதலில் இங்கே கொண்டு வந்து ஏ. ஆர். லீக் ஃபியூனரல் ஹோமில் வைத்தார்கள். டிசம்பர் குளிரில் பல்லாயிரம் பேர் தெருவை அடைத்துக்கொண்டு நின்றார்கள். பிறகுதான் கலிஃபோர்னியாவுக்குப் போனது.

வரலாற்று மாணவி:

எம்மெட் டில்லைப் பற்றி இன்னும் யாரும் எழுதவில்லை. ரேய்னர் என்ற பெயர் தலைப்பில் இருக்கும்போது இதை விரிவாகவே எழுத வேண்டும்.

1955 ஆகஸ்ட். சிகாகோவைச் சேர்ந்த 14 வயதுப் பையன் எம்மெட் விடுமுறைக்கு மிசிசிப்பியில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறான். மணி என்ற சின்ன ஊர். கடையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் முறை தவறி நடந்தான் என்று சொல்லி, ஆகஸ்ட் 28 அதிகாலையில் அவள் கணவனும் இன்னொருவனும் வீடு புகுந்து அவனைத் தூக்கிப் போனார்கள். மூன்று நாள் கழித்து டல்லஹாச்சி ஆற்றில் உடல் கிடைத்தது. பருத்தி அரைக்கும் இயந்திரத்தின் கனமான விசிறியை முள்கம்பியால் கழுத்தில் கட்டியிருந்தார்கள். முகம் முகமாக இல்லை.

இந்தக் கதையில் முதல் அண்டர்டேக்கர் செஸ்டர் மில்லர். கிரீன்வுட் ஊரைச் சேர்ந்த கறுப்பினத்தவர். ஆற்றங்கரைக்குப் போய் உடலை எடுத்தவர் அவர். பையனின் விரலில் இருந்த மோதிரத்தில் எல். டி. என்ற எழுத்துகளும் 1943 மே 25 என்ற தேதியும் பொறித்திருந்தன. போரின்போது ராணுவத்தில் இருந்து இறந்துபோன தகப்பன் லூயிஸ் டில்லின் மோதிரம். அதை வைத்துத்தான் உடல் யாருடையது என்று தெரிந்தது.

அந்தப் பகுதிப் போலீஸ் தலைவரான ஷெரிஃப் ஸ்டிரைடர் உடனே அங்கேயே புதைத்துவிடச் சொன்னார். குழிகூட வெட்டியாகிவிட்டது. தாய் மேமி டில் சிகாகோவிலிருந்து அலறியடித்துத் தடுத்தார். பெட்டியைத் திறக்கக் கூடாது என்ற உறுதியை வாங்கிக்கொண்ட பிறகே உடலை ரயிலேற்ற விட்டார்கள். செப்டம்பர் 2 அன்று பெட்டி சிகாகோவுக்கு வந்தது. அதைப் பொறுப்பேற்றவர் ஏ. ஏ. ரேய்னர்.

இந்த இடத்தில் ரேய்னரின் நிலையை யோசித்துப் பாருங்கள். திறக்க மாட்டோம் என்று சொல்லிக் கொண்டு வந்த பெட்டி. மீறினால் அவருக்குச் சிக்கல். உள்ளே இருப்பதைப் பெற்றவள் பார்க்கக் கூடாது என்றும் அவர் நினைத்திருப்பார். தொழில் தெரிந்த யாருமே அப்படித்தான் நினைப்பார்கள். மேமி கேட்கவில்லை. சுத்தியல் கொடுங்கள், நானே உடைக்கிறேன் என்றார். பெட்டி திறந்தது. காலிலிருந்து ஆரம்பித்து மேலே மேலே பார்த்து, இது என் பிள்ளைதான் என்று உறுதி செய்தார் அந்தத் தாய். முகத்தைக் கொஞ்சம் சரி செய்யட்டுமா என்று ரேய்னர் கேட்டார். வேண்டாம், எல்லோரும் பார்க்கட்டும் என்றார்.

ஒரு எம்பாமரின் திறமையே சாவின் கோரத்தை மறைப்பதில்தான் இருக்கிறது. அந்தத் திறமையை அடக்கி வைத்துக்கொண்டு, கண்ணாடி மூடி போட்டு, அந்த உடலை அப்படியே வைக்க ஒரு மனிதர் சம்மதித்தார். ராபர்ட்ஸ் டெம்பிள் சர்ச்சில் செப்டம்பர் 3-ல் தொடங்கி 6 வரை பல்லாயிரக்கணக்கானோர் வரிசையில் வந்து பார்த்தார்கள். மயங்கி விழுந்தவர்கள் ஏராளம். புகைப்படக்காரர் டேவிட் ஜாக்சன் எடுத்த படம் ‘ஜெட்’ பத்திரிகையின் செப்டம்பர் 15 இதழில் வந்தது. ஒரு தலைமுறையே அந்தப் படத்தைப் பார்த்துத்தான் தெருவுக்கு வந்தது.

வழக்கில் என்ன நடந்தது? அது டில்லின் உடலே இல்லை என்று ஷெரிஃப் சாட்சி சொன்னார். மிசிசிப்பி கோர்ட்டில் நின்று மோதிரத்தைப் பற்றியும் தான் பார்த்த உடலைப் பற்றியும் சாட்சி சொன்னார் செஸ்டர் மில்லர். அந்த ஊரிலேயே தொடர்ந்து வாழ வேண்டிய மனிதர் அவர். வெள்ளைக்கார ஆண்கள் மட்டுமே இருந்த ஜூரி செப்டம்பர் 23 அன்று ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே எடுத்துக்கொண்டு, பையனைத் தூக்கிப் போன இருவரையும் விடுவித்தது. மாதங்கள் கழித்து, பத்திரிகைக்குப் பணம் வாங்கிக்கொண்டு, நாங்கள்தான் கொன்றோம் என்று அவர்களே சொன்னார்கள்.

மதுரைக்காரி:

படித்து முடித்துச் சற்று நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. இருந்தாலும் ஒரு மறுப்பைப் பதிவு செய்கிறேன். இந்தக் குடும்பங்களை மொத்தமாகத் தலையில் தூக்கி வைக்க வேண்டாம் என்பது என் கருத்து.

இது துக்கத்தில் இருப்பவரிடம் விலை சொல்கிற தொழில். பேரம் பேச அந்த நேரத்தில் யாருக்கு வாய் வரும்? தாத்தாவுக்கு மட்டமான பெட்டி வாங்கினார்கள் என்ற பேச்சு வரக் கூடாது என்று கடன் வாங்கியாவது பெரிய பெட்டி எடுப்பார்கள். அமெரிக்கா முழுக்கவே இதில் அத்தனை முறைகேடு இருந்ததால்தான் 1984-ல் மத்திய அரசின் வணிக ஆணையம் ‘ஃபியூனரல் ரூல்’ கொண்டு வந்தது. போனில் கேட்டாலும் விலை சொல்ல வேண்டும், தனித்தனியாக விலைப் பட்டியல் தர வேண்டும், சட்டத்தில் இல்லாத எம்பாமிங்கைச் சட்டம் என்று சொல்லி விற்கக் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது.

மெட்ரோபாலிட்டன் கதையிலும் ஒன்றைச் சேர்த்துச் சொல்லியிருக்கலாம் செல்வம். அதைக் கோலிடம் விற்ற டேனியல் ஜாக்சன் யார்? பரம்பரையாக அண்டர்டேக்கர்தான். கூடவே தெற்குப் பகுதியின் சூதாட்டத்தையே கையில் வைத்திருந்த அரசியல் புள்ளி. வாரச் சில்லறை எங்கிருந்து எங்கே போயிற்று என்று கேட்காமல் வரலாறு எழுத முடியாது.

பொன்னேரி வாசகன்:

மறுப்பு சரியானது அக்கா. டேனியல் ஜாக்சனைப் பற்றி நீங்கள் சொன்னதில் தவறில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது அவர்கள் நல்லவர்கள் என்று அல்ல. அவர்கள் யாருக்கும் பயப்பட வேண்டிய அவசியம் இல்லாதவர்கள் என்று.

ஒரு கறுப்பின ஆசிரியை ஊர்வலத்தில் போனால் பள்ளி நிர்வாகம் வேலையை விட்டு எடுத்துவிடும். தொழிற்சாலைக்காரன் போனால் மேஸ்திரி வெளியே தள்ளுவான். குத்தகை விவசாயியின் நிலம் போய்விடும். அண்டர்டேக்கரிடம் வருகிறவர்கள் முழுக்கக் கறுப்பின மக்கள். வெள்ளைக்கார முதலாளி இல்லை, வெள்ளைக்கார வாடிக்கையாளர் இல்லை. சொந்தக் கட்டடம், சொந்தக் கார்கள், ராத்திரியும் எடுக்கிற டெலிபோன், கையில் ரொக்கம், உட்கார்ந்து பேச மண்டபம். ஒரு இயக்கத்துக்கு வேறென்ன வேண்டும்? எத்தனையோ ஊர்களில் ஆம்புலன்ஸும் அவர்களுடையதுதான், 1960-கள்வரை.

அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாமில் ஏ. ஜி. கேஸ்டனைப் பாருங்கள். அடக்க இன்ஷூரன்ஸிலும் ஃபியூனரல் ஹோமிலும் பணக்காரரானவர். அவருடைய மோட்டலில் தங்கித்தான் 1963-ல் மார்ட்டின் லூதர் கிங் போராட்டத்தை நடத்தினார். கேஸ்டன் நிதானமானவர், சிறுவர்களை ஊர்வலத்தில் இறக்கியது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் 1,60,000 டாலர் ஜாமீன் தொகைக்கு நின்றது அவர்தான். அந்த மோட்டலில் குண்டும் வெடித்தது. டெட்ராய்ட்டில் ‘ஹவுஸ் ஆஃப் டிக்ஸ்’ என்ற ஃபியூனரல் ஹோம் குடும்பத்தின் மகன் சார்லஸ் டிக்ஸ் 1954-ல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். வரலாற்று மாணவி எழுதிய டில் வழக்கைக் கேட்க மிசிசிப்பி கோர்ட்டுக்கே போய் உட்கார்ந்தவர் அவர். கறுப்பின எம்.பி. என்பதால் பத்திரிகைக்காரர்களோடு ஓரமாகப் போட்டிருந்த ஒரு மேசையில்தான் இடம் கொடுத்தார்கள்.

சிகாகோவிலேயே இன்னொன்று. 1969 டிசம்பர் 4 அதிகாலையில் போலீஸ் சுட்டுக் கொன்ற, பிளாக் பேந்தர் என்ற கறுப்பின உரிமைக் கட்சியின் தலைவர் ஃப்ரெட் ஹாம்ப்டனுக்கு வயது 21. அந்த உடலும் ரேய்னர் ஃபியூனரல் ஹோமுக்குத்தான் வந்தது. அரசு மருத்துவர்களின் அறிக்கையை நம்பாத குடும்பத்தார் தனியாகப் பிரேதப் பரிசோதனை செய்ததும் அங்கேதான். அப்போது தொழிலை நடத்தியவர் மகன் சாமி ரேய்னர். இரண்டாம் உலகப் போரில் டஸ்கிகி விமானிகள் என்று பெயர் பெற்ற கறுப்பின ராணுவ விமானிகளில் ஒருவர், அந்தச் சமயம் நகர மன்ற உறுப்பினரும்கூட. நகர அரசியலையே பிடியில் வைத்திருந்த மேயர் டேலியின் கட்சி இயந்திரத்துக்கு வெளியே நின்று ஜெயித்தவர்.

நிலாமதி:

கல்லறைத் தோட்டத்திலும் பிரிவினை உண்டா?

இல்லினாய் செல்வம்:

உண்டு. தெற்குப் பகுதியில் 67-வது தெருவையொட்டி ஓக் வுட்ஸ் என்ற பெரிய கல்லறைத் தோட்டம். உள்நாட்டுப் போரில் சிகாகோவின் கேம்ப் டக்ளஸ் சிறை முகாமில் இறந்த தெற்குத் தரப்புச் சிப்பாய்கள் ஏறக்குறைய 4,000 பேர் அங்கே ஒரு மேட்டில் புதைந்து கிடக்கிறார்கள். அடிமை முறைக்காகச் சண்டை போட்ட படையினர். சுற்றிலும் குடியிருந்த கறுப்பின மக்களிடம் அதே தோட்டம் பாகுபாடு காட்டியது. கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ் போன்ற சிலருக்கு அங்கே இடம் கிடைத்தது என்பதும் உண்மை. 1960-களில் அந்தப் பாகுபாட்டை எதிர்த்து ஆள் திரட்டிப் போராடியவர் நம் ரெவரென்ட் லீக். தினமும் பிணம் கொண்டு போகிற ஆள் எதிர்த்து நின்றால் தோட்டத்துக்கு வருமானம் எப்படி வரும்? 1987-ல் இறந்த ஹெரால்ட் வாஷிங்டன், நகரத்தின் முதல் கறுப்பின மேயர், அடக்கமானதும் ஓக் வுட்ஸில்தான்.

டில் அடக்கமானது வேறு இடம், ஆல்சிப் ஊரில் பர் ஓக். 2005-ல் விசாரணைக்காக உடலைத் தோண்டி எடுத்துப் புதுப் பெட்டியில் மறுபடி அடக்கம் செய்தார்கள். பழைய பெட்டியை நினைவுச்சின்னமாக வைப்பதாகப் பேச்சு. 2009-ல் பர் ஓக்கில் வேலையாட்களே பழைய குழிகளைத் தோண்டி இடத்தை மறுபடி விற்ற மோசடி வெளியே வந்தது. அப்போது போலீஸ் பார்த்தால், அந்தப் பெட்டி ஒரு கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்தது. உள்ளே பொசம் என்ற சிறு விலங்குகள் குடியிருந்தன. இதை நினைத்தாலே வயிறு எரிகிறது. குடும்பத்தார் அதை ஸ்மித்சோனியன் என்ற அருங்காட்சியக அமைப்புக்குக் கொடுத்தார்கள். வாஷிங்டனில் 2016-ல் திறந்த ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இப்போது இருக்கிறது.

மதுரைக்காரி:

வாசகனின் பதிலை ஏற்கிறேன். பயப்பட வேண்டியதில்லாத தொழில் என்பது சரியான வாதம். அப்படியானால் அடுத்த கேள்வி, அந்தச் சுதந்திரம் இன்னும் இருக்கிறதா? பெரிய கம்பெனிகள் குடும்பக் கடைகளை வாங்கிப் பழைய பெயரையே பலகையில் விட்டுவைக்கிறார்கள் என்று படித்திருக்கிறேன்.

வரலாற்று மாணவி:

ஆமாம் அக்கா. 1962-ல் ஹூஸ்டனில் தொடங்கிய எஸ்.சி.ஐ. (சர்வீஸ் கார்ப்பரேஷன் இன்டர்நேஷனல்) அதில் முன்னோடி. நூற்றுக்கணக்கில் வாங்கினார்கள். எம்பாமிங், கார்கள் எல்லாம் ஒரே இடத்தில், பலகை மட்டும் ஊருக்கு ஊர் பழைய குடும்பப் பெயர். கனடாவின் லோவன் குழுமம் அதைப் பின்பற்றியது. மிசிசிப்பியின் பிலாக்ஸி ஊரில் ஜெரமையா ஓகீஃப் என்பவரின் குடும்ப நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தத்தை மீறியதாக வழக்கு. 1995-ல் ஜாக்சன் நகர ஜூரி 50 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது. நேஷனல் பாப்டிஸ்ட் கன்வென்ஷன் என்ற கறுப்பின சர்ச் அமைப்போடு ஒப்பந்தம் போட்டு, சர்ச் ஆட்களைக் கொண்டே அந்த ஜனங்களுக்குக் கல்லறை இடம் விற்றதும் கோர்ட்டில் வெளியே வந்தது. ஜூரியை அது எப்படித் தைத்திருக்கும்! 17.5 கோடியில் சமரசமானார்கள். 1999-ல் லோவன் திவால்.

கறுப்பின ஃபியூனரல் ஹோம்கள் பெரும்பாலும் விலைபோகாமல் நின்றதற்கு, கம்பெனிகள் நெடுங்காலம் அவர்களைத் தேடி வராததும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. இப்போதைய ஆபத்து வேறு திசையில். 2015-லிருந்து அமெரிக்காவில் புதைப்பதைவிட எரிப்பது அதிகம். எரித்தால் பெட்டி வருமானம் குறையும். அதோடு சிகாகோவின் கறுப்பின மக்கள்தொகை 1980-ல் ஏறக்குறைய 12 லட்சம், 2020-ல் 8 லட்சத்துக்கும் கீழே. புறநகருக்கும் திரும்பத் தெற்கு மாநிலங்களுக்கும் போய்விட்டார்கள். லீக் குடும்பம் தெற்குப் புறநகரில் இன்னொரு கிளை வைத்திருப்பது சும்மா இல்லை.

பொன்னேரி வாசகன்:

செல்வம், நீங்கள் பக்கத்தில்தான் இருக்கிறீர்கள். ராபர்ட்ஸ் டெம்பிள் சர்ச்சைப் போய்ப் பார்க்க முடியுமா?

இல்லினாய் செல்வம்:

ஸ்டேட் தெருவில், 40-வது தெருவுக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது அண்ணா. 2023 ஜூலையில் அதையும், மிசிசிப்பியில் வழக்கு நடந்த கோர்ட்டையும், உடல் கிடைத்ததாக நம்பப்படும் ஆற்றங்கரையையும் சேர்த்துத் தேசிய நினைவிடமாக அறிவித்தார்கள். பொறுப்பு தேசியப் பூங்காத் துறையிடம். உள்ளே போக முடியுமா என்பதை அவர்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு வாருங்கள். வந்தால் ஓக் வுட்ஸுக்கும் போகலாம், காரில் கொஞ்ச நேரம்தான். அங்கே வெல்ஸ் கல்லறையும் அந்தச் சிப்பாய் மேடும் ஒரே சுவருக்குள் இருக்கின்றன. ஒரு முழுக் காலை வேண்டும், அவசரப்பட்டு வராதீர்கள்.